முன்சக்கரத்தில் ஓடும் வண்டிக்கு இந்த விலை தகுமா?

இரண்டாம் கியர்:

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பத்து வருடங்களாக முன்சக்கர இயக்க வண்டி ஓட்டுகிறேன். ஆனால் அதைப் பற்றி ஒருநாளும் பெருமையாகப் பேசியதில்லை. சாமான் ஏறுகிறது, எரிபொருள் மிச்சமாகிறது, மழையில் வீடு வந்து சேர்க்கிறது, அதற்கு மேல் அதனிடம் எதையும் எதிர்பார்த்ததில்லை. போன சனிக்கிழமை நண்பர் ஒருவர் தன் ஹோண்டா சிவிக் டைப் ஆர் சாவியை மூன்று மணி நேரத்துக்கு என்னிடம் கொடுத்தார். 2022இல் அறிமுகமான தலைமுறை, எஃப்எல்5 என்பார்கள். அன்றிலிருந்து சொந்த வண்டியில் உட்கார்ந்தாலே தேய்ந்த செருப்பைக் காலில் மாட்டியதுபோல் இருக்கிறது.

என்னுடையது 14 வயதான சிறிய ஹேட்ச்பேக். 120 குதிரைத்திறன், ஆயிரத்துச் சொச்சம் கிலோ, 195 அகல டயர். நான் வழக்கமாக ஏறும் மலைச்சாலையில் வலப்பக்கம் திரும்பும் கொண்டை ஊசி வளைவு ஒன்று உண்டு. இரண்டாம் கியரில் நுழைந்து, பாதி வளைவில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் என் வண்டியில் நடப்பது எப்போதும் ஒன்றேதான்: உள்பக்க டயர் கீச்சென்று சுழலும், ஸ்டீயரிங் காற்றைப் பிடித்ததுபோல் லேசாகும், மூக்கு வெளிப்பக்கம் ஓடும். காலை எடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

அதே வளைவில் டைப் ஆரையும் அப்படித்தான் அழுத்தினேன். மூக்கு வெளியே போகும் என்று கையும் மனமும் தயாராக இருந்தன. ஆனால் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து யாரோ இழுத்ததுபோல் வண்டி உள்பக்கமாகத் திரும்பியது. இன்னும் அழுத்தினேன், இன்னும் திரும்பியது. வளைவு முடிந்தபோது ஸ்டீயரிங்கைத் தேவைக்கு அதிகமாகத் திருப்பி வைத்திருந்தது நான்தான். நம்பிக்கை வராமல் கீழே இறங்கி மறுபடி ஏறினேன். நான்கு முறை. பக்கத்தில் இருந்த நண்பர் மூன்றாவது முறையில் கைப்பேசியை எடுத்துவிட்டார்.

இனி வயிற்றெரிச்சல். முந்தைய தலைமுறை எஃப்கே8, 2017இல் பிரிட்டனில் 30,995 பவுண்டுக்கு விற்பனைக்கு வந்தது. எஃப்எல்5 அங்கே 46,995 பவுண்டுக்கு வந்தது. இடையில் ஆறு வருடம்கூட இல்லை, விலையோ பாதிக்கு மேல் கூடிவிட்டது. அதே இரண்டு லிட்டர் டர்போ இன்ஜின், கூடுதலாக ஒன்பது குதிரைத்திறன். இதே பணத்தை நீட்டினால் நான்கு சக்கர இயக்கத்தோடு வண்டி கிடைக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். அந்த வளைவில் நடந்தது என்ன? அந்த ஒரு விஷயத்துக்குத்தான் இந்த விலையா, அல்லது பின்னால் நிற்கும் இறக்கைக்கும் சிவப்பு எழுத்துக்கும் சேர்த்துக் கொடுக்கிறோமா?

பழைய கிளட்ச்:

தம்பி, உங்கள் வண்டியில் அந்த வளைவில் என்ன நடக்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம், மற்றது தானாகப் புரியும்.

இன்ஜின் விசையை இரண்டு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுப்பது டிஃபரன்ஷியல். உங்களுடையது சாதாரண வகை. இரண்டு முன்சக்கரங்களுக்கும் அது ஒரே அளவு முறுக்குவிசையைத்தான் தரும். வளைவில் எடை வெளிப்பக்கம் சாய்கிறது, உள்சக்கரம் தரையை ஒப்புக்குத் தொட்டுக்கொண்டிருக்கிறது. அந்தப் பலவீனமான சக்கரம் எவ்வளவு தாங்குமோ, வெளிச்சக்கரத்துக்கும் அவ்வளவுதான் கிடைக்கும். மீதியெல்லாம் புகையாகவும் கீச்சொலியாகவும் போகிறது. நல்ல பிடிமானத்தோடு தயாராக இருக்கும் வெளி டயர் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கிறது.

டைப் ஆரில் இருப்பது ஹெலிக்கல் வகை டிஃபரன்ஷியல். உள்ளே சாய்வாக வெட்டிய பற்சக்கரங்கள். சுமை ஏறியிருக்கும்போது ஒரு சக்கரம் மற்றதைவிட வேகமாகச் சுழல முயன்றால் அந்தப் பற்கள் ஒன்றையொன்று நெருக்கி, வேகமானதிடமிருந்து விசையை மெதுவானதற்குத் தள்ளும். உள்சக்கரம் நழுவத் தொடங்கியதும் வெளிச்சக்கரத்துக்குக் கூடுதல் தள்ளுவிசை. படகில் ஒரு பக்கத் துடுப்பை மட்டும் பலமாகப் போட்டால் படகு எந்தப் பக்கம் திரும்பும்? அதுதான் உங்களை உள்ளே இழுத்த கயிறு. அந்த டிஃபரன்ஷியலுக்குள் எலெக்ட்ரானிக் வித்தை எதுவும் இல்லை, எண்ணெயில் ஊறும் இரும்பு.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, பலர் தவறாகச் சொல்வது இங்கேதான். வளைவில் வெளிச்சக்கரம் இயல்பாகவே அதிக தூரம் ஓடுகிறது, அதாவது வேகமாகச் சுழல்கிறது. ஆகவே காலை லேசாக வைத்திருக்கும்போது இந்த டிஃபரன்ஷியல் விசையை உள்சக்கரத்துக்குத்தான் தள்ளும், மூக்கு கொஞ்சம் பிடிவாதம் பிடிக்கும். தயங்கித் தயங்கி அழுத்துகிறவர்கள் “இதில் என்ன பெரிய வித்தியாசம்” என்று இறங்கிப் போவது இதனால்தான். உள்சக்கரம் நழுவும் அளவுக்கு அழுத்தினால்தான் கதை தலைகீழாகும். நீங்கள் பயப்படாமல் அழுத்தியிருக்கிறீர்கள்.

பலவீனமும் உண்டு. உள்சக்கரம் முழுதாக அந்தரத்தில் தூக்கிவிட்டால் ஹெலிக்கல் வகை கைவிரித்துவிடும். ஒரு பக்கம் இருப்பதை இத்தனை மடங்காக்கி மறுபக்கம் தருவதுதான் அதன் வேலை. பூஜ்யத்தை எத்தனையால் பெருக்கினாலும் பூஜ்யம். பந்தயத் தடத்தில் உள்ளோரக் கல்லின் மேல் ஏறி இறங்கும்போது இதைப் பார்க்கலாம்.

இன்னொன்றை நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள், ஏனென்றால் அது நடக்கவில்லை. 420 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையை முன்சக்கரத்தில் இறக்கினால் ஸ்டீயரிங் கையை விட்டுப் பறிக்க வேண்டும். ஸ்டீயரிங் திரும்பும் அச்சுக்கும் சக்கரத்தின் நடுவுக்கும் இடையே உள்ள தூரம்தான் அந்தப் பறிப்புக்கு நெம்புகோல். சாதாரண முன் சஸ்பென்ஷனில் அதிர்வைத் தணிக்கும் டேம்பர் கம்பியே திரும்பும் அச்சின் மேல்முனை, ஆகவே அந்தத் தூரத்தைக் குறைக்க இடமில்லை. டைப் ஆரில் திரும்பும் பகுதியைத் தனியாகப் பிரித்து, அச்சைச் சக்கரத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோயிருக்கிறார்கள். ரெனோ தன் மெகான் ஆர்எஸ் வண்டிகளில் முன்பே செய்தது. 2009 ஃபோர்டு ஃபோகஸ் ஆர்எஸ்ஸில் இதே நோக்கத்துக்கு வேறொரு வடிவம் வந்தது. இரண்டு உருக்குத் துண்டுகள், இரண்டு மூட்டுகள் கூடுதல். பார்க்க ஒன்றுமில்லை, செலவு உண்டு.

இறக்கைக்குப் பணம் போகிறதா என்றால், கொஞ்சம் போகிறதுதான்.

பின்தள்ளு:

அழகான விளக்கம். ஆனால் கால் ஒடிந்தவனுக்குத் தங்கத்தில் ஊன்றுகோல் செய்து கொடுத்துவிட்டு, ஊன்றுகோலின் வேலைப்பாட்டைப் புகழ்வதாகத்தான் எனக்குத் தெரிகிறது.

ஒரு டயருக்கு இருக்கும் பிடிமானம் ஒரு கைப்பிடி அளவு. அதைத் திரும்புவதற்குச் செலவழிக்கலாம், அல்லது தள்ளுவதற்குச் செலவழிக்கலாம். முன்சக்கர இயக்கத்தில் இரண்டு வேலையும் அதே இரண்டு டயர்களின் தலையில். போதாததற்கு, அழுத்தும்போது எடை பின்னால் சாய்கிறது. தள்ள வேண்டிய சக்கரங்கள் அந்த நேரம் பார்த்து லேசாகின்றன. இதைச் சரிக்கட்டத்தான் 265 அகல டயர், தனி டிஃபரன்ஷியல், தனி மூட்டு எல்லாம். பின்சக்கர இயக்கத்தில் இயற்கையே உங்கள் பக்கம்.

விலைக் கணக்குக்கு வருகிறேன். டொயோட்டா ஜிஆர்86 பிரிட்டனில் 2022இல் 29,995 பவுண்டுக்கு வந்தது. பின்சக்கர இயக்கம், கையால் மாற்றும் கியர், எடையும் டைப் ஆரைவிட 150 கிலோ அளவுக்குக் குறைவு. சரியாக 17,000 பவுண்டு மிச்சம். அந்தப் பணத்துக்கு எத்தனை ஜோடி டயர் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயத் தடத்தில் முன்சக்கர இயக்க வண்டிகளின் சாதனையை யாரும் கொண்டு வருவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். 2023இல் எஃப்எல்5 எடுத்த நேரம் 7 நிமிடம் 44.881 விநாடி. அது தடத்துக்கென்றே செய்த மிஷ்லின் கப் 2 கனெக்ட் டயரில் எடுத்தது. வண்டியோடு வருவது பைலட் ஸ்போர்ட் 4எஸ். அதற்கு முன் 2019இல் ரெனோ மெகான் ஆர்எஸ் டிராஃபி-ஆர் அதே 20.832 கிலோமீட்டர் சுற்றில் எடுத்தது 7:45.389. பின்னிருக்கையையே பிடுங்கிப் போட்ட வண்டி அது. இருபது கிலோமீட்டர் ஓடி அரை விநாடி வித்தியாசம். அந்த அரை விநாடியை நம் மலைச்சாலையில் ஒரு லாரி தின்றுவிடும்.

இரண்டாம் கியர்:

பின்தள்ளு, ஊன்றுகோல் உவமைக்குச் சிரித்தேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இயற்கை உங்கள் பக்கம் என்று சொன்னதற்கு ஒரு கதை.

ஏழெட்டு வருடங்களுக்கு முன், மழை விட்டு அரைமணி நேரமான சாலை, இறக்கம், இடப்பக்க வளைவு. நான் மூன்றாம் கியரில் கொஞ்சம் அதிக வேகத்தில் நுழைந்துவிட்டேன். பயத்தில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தேன். எடை முழுக்க முன்னால் போயிற்று, பின்சக்கரங்கள் லேசாயின, பின்பக்கம் தானாகவே சுற்றி முன்னால் வந்தது. வைப்பர் இரண்டு முறை ஓடி முடிப்பதற்குள் நான் வந்த திசையைப் பார்த்து நின்றுகொண்டிருந்தேன். இன்ஜின் அணைந்திருந்தது. வண்டிக்குக் கீறல்கூட இல்லை. நான்தான் ஐந்து நிமிடம் கதவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

அதுவும் முன்சக்கர இயக்க வண்டிதான். ஆகவே மூக்கு மட்டும்தான் ஓடும், பின்பக்கம் பொதிமாடுபோல் சும்மா தொடர்ந்து வரும் என்று பொதுவாகச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். பியூஜோ 205 ஜிடிஐ இந்தக் குணத்துக்காகவே 1980களில் பெயரும் வாங்கியது, திட்டும் வாங்கியது.

டைப் ஆரில் இதையும் சோதித்தேன், நல்ல பார்வைத் தூரம் உள்ள இடத்தில், காய்ந்த சாலையில். வளைவுக்குள் பிரேக்கை முழுதாக விடாமல் கொஞ்சம் பிடித்துக்கொண்டே நுழைந்தால் பின்பக்கம் ஒரு விரல் அளவு நகர்ந்து மூக்குக்கு வழிவிடுகிறது. அதன் பிறகு அழுத்தினால் முன்பக்கம் இழுத்துக்கொண்டு போகிறது. முதலில் பின்பக்கம் திருப்புகிறது, பிறகு முன்பக்கம் திருப்புகிறது. ஜிஆர்86 எனக்குப் பிடிக்கும். ஆனால் இந்த இரண்டாவது பாதி அதில் கிடையாது, அங்கே வலது காலுக்கு வேறு வேலை.

விலைக்கு மட்டும் இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. 17,000 பவுண்டு உறுத்துகிறது.

சிவப்பு இருக்கை:

இரண்டு வருடமாக எஃப்எல்5 வைத்திருக்கிறேன், விலைக்கு நான் சொல்கிறேன்.

எஃப்கே8 பிரிட்டனிலேயே, ஸ்விண்டன் ஆலையில் தயாரானது. அந்த ஆலை 2021 ஜூலையில் மூடப்பட்டது. எஃப்எல்5 ஜப்பானின் யோரி ஆலையில் தயாராகி, கப்பலேறி வருகிறது. அமெரிக்காவில் பாருங்கள்: எஃப்கே8 அங்கே 33,900 டாலருக்குத் தொடங்கியது, எஃப்எல்5 42,895 டாலர். கால் பங்குக்குச் சற்றுமேல்தான் ஏற்றம். அடிப்படையில் ஒரே வண்டிதான், ஓரிடத்தில் ஏற்றம் பாதி, இன்னோரிடத்தில் கால். அப்படியென்றால் பிரிட்டனில் எஃப்கே8இலிருந்து கூடிய 16,000 பவுண்டில் பெரும்பகுதி வண்டிக்குள் இல்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். ஐரோப்பாவுக்குக் குறைந்த எண்ணிக்கையில்தான் அனுப்பினார்கள். பிறகு உமிழ்வு விதிகள் இறுகி, 40 வண்டிகள் கொண்ட ஒரு கடைசிப் பதிப்போடு அங்கே விற்பனையையே நிறுத்திக்கொண்டார்கள். குறைவாக வருகிற பொருள் மலிவாக வராது.

வைத்திருப்பவன் கணக்கு வேறு. முதல் ஜோடி முன்டயர்கள் எனக்கு 17,000 கிலோமீட்டரில் முடிந்தன. பின்டயர்கள் இன்னும் பாதிகூடத் தேயவில்லை. முன்டயரின் வெளித்தோளில் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தால் ரப்பர் மணிமணியாகச் சுருண்டிருக்கும், கம்பளித் துணியைத் தடவியதுபோல். அந்த வெளிச்சக்கரத்தின் வேலையைப் பற்றிப் பழைய கிளட்ச் எழுதியது அத்தனையும் அந்தத் தோளில் எழுதியிருக்கிறது. 265/30-19 அளவு, விலை விசாரிக்கும்போது உட்கார்ந்துகொண்டு விசாரியுங்கள்.

கியர் மாற்றும் குமிழ் அலுமினியம். வெயிலில் நிறுத்திவிட்டு வந்தால் முதல் பத்து நிமிடம் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டுதான் கியர் போடுகிறேன். குளிரில் விரல் மரத்துப்போகும். ஆனால் அந்த மாற்றம் இருக்கிறதே, நட்டுபோல்ட் பூட்டியதுபோன்ற ஒரு சிறு ‘டக்’, தூரம் மிகக் குறைவு, தவறவே தவறாது. சிக்னலில் நிற்கும்போது தேவையே இல்லாமல் ஒன்றிலிருந்து இரண்டுக்கும் மறுபடி ஒன்றுக்கும் போட்டுப் பார்ப்பவன் நான் ஒருவன் மட்டுமாக இருக்க மாட்டேன்.

பின்தள்ளு சொன்ன ஜிஆர்86ஐ நானும் ஓட்டிப் பார்த்தேன். அருமையான வண்டி. அதன் பின்னிருக்கையில் என் மகளின் பள்ளிப்பை உட்காரும், மகள் உட்கார மாட்டாள். எனக்கு 410 லிட்டர் டிக்கியும் நான்கு பேரும் வேண்டும், ஞாயிறு காலையில் அந்த நான்கு பேரும் தூங்கிக்கொண்டிருக்கும்போது அதே வண்டி வேறொன்றாக மாறவும் வேண்டும். ஒரே வண்டி வைத்துக்கொள்ள முடிந்தவனுக்கு இந்தக் கணக்கு வேறுவிதமாக வரும். இரண்டு வண்டிக்கு இடம் இருப்பவர்கள் பின்தள்ளு சொல்வதைக் கேட்கலாம்.

பின்தள்ளு:

பள்ளிப்பை வாதத்துக்கு என்னிடம் பதில் இல்லை. எனக்கு மகள் இல்லை, அதனால் வந்த கர்வம். டயர்த்தோள் விஷயம் மட்டும் என் வாதத்துக்கே சாட்சி என்பதைப் பதிவு செய்துவிட்டுப் போகிறேன்.

பழைய கிளட்ச்:

இரண்டாம் கியர் தம்பி, உங்கள் இரண்டு பதிவையும் மறுபடி படித்தேன். நீங்கள் 315 குதிரைத்திறனைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. நேர்ச்சாலையில் எவ்வளவு வேகம் போனீர்கள் என்றும் எழுதவில்லை. நான்கு முறை இறங்கி ஏறியது ஒரே ஒரு கொண்டை ஊசி வளைவுக்காக.

உங்களுக்குப் பிடித்தது டைப் ஆர் இல்லை, அதன் டிஃபரன்ஷியல். அது தனியாகவும் கிடைக்கும். பிரபலமான பல பழைய ஹேட்ச்பேக்குகளின் கியர்பெட்டிக்கு ஹெலிக்கல் டிஃபரன்ஷியல் தயாரிக்கிறார்கள். உங்கள் கியர்பெட்டியின் எண்ணைப் பார்த்து விசாரியுங்கள். கூடவே நல்ல டயர், சஸ்பென்ஷன் மூட்டுகளுக்குப் புது ரப்பர் புஷ்கள், சரியாகப் பார்த்த சக்கர அலைன்மென்ட். 120 குதிரைத்திறனுக்கு நான் முன்பு சொன்ன தனித் திரும்பு மூட்டெல்லாம் வேண்டாம், உங்கள் ஸ்டீயரிங் அந்த அளவுக்குப் பறிக்காது. உராயும் தகடுகளால் பூட்டும் பிளேட் வகை டிஃபரன்ஷியலைப் போடாதீர்கள்; பந்தயத்துக்கு நல்லது, அன்றாடம் கடைக்குப் போய்வர எரிச்சல், அவ்வப்போது பிரித்துப் பார்க்கவும் வேண்டும். ஹெலிக்கலை ஒருமுறை உள்ளே வைத்துவிட்டால் கியர் எண்ணெய் மாற்றும்போதுதான் நினைவுக்கு வரும்.

ஒரே எச்சரிக்கை. கியர்பெட்டியை இறக்க வேண்டும். இறக்குகிறபோது கிளட்சையும் மாற்றிவிடுங்கள், அதற்காக இன்னொரு முறை இறக்கினால் அழுவீர்கள். என் பெயருக்குக் காரணம் அதுதான்.

இரண்டாம் கியர்:

பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

பழைய கிளட்ச் எழுதியதைப் படித்ததும் முதலில் கோபம்தான் வந்தது. புது வண்டி வாங்க ஒரு காரணம் தேடிக்கொண்டிருந்தவனிடம் பழைய வண்டியைப் பிரி என்றால் எப்படி இருக்கும்? இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். மூன்றாம் நாள் டார்ச்சோடு வண்டிக்கு அடியில் படுத்துக் கியர்பெட்டி எண்ணைத் தேடினேன். பத்து வருட எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டிய பிறகு தெரிந்தது. டிஃபரன்ஷியல் கிடைக்கிறது, வரவழைத்துவிட்டேன். தேங்காய் அளவுதான் இருக்கிறது, ஆனால் ஒரு கையில் தூக்க முடியவில்லை. மேசைமேல் வைத்து ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு மறுபக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். சும்மா சுற்றுகிறது, ஒரு எதிர்ப்பும் இல்லை, ஏமாந்துவிட்டோமோ என்று இருந்தது. சுமை ஏறினால்தான் அந்தப் பற்கள் நெருக்கும் என்று நீங்கள் எழுதியதை மறுபடி படித்துவிட்டுத்தான் தூங்கினேன்.

நண்பரிடம் சொன்னேன். முடிந்ததும் அதே வளைவில் அவர் முன்னால், நான் பின்னால் என்று பேச்சு. ஏறும் வேகத்தில் அவர் என்னை விட்டுவிட்டுப் போய்விடுவார், அதில் சந்தேகமில்லை. வளைவுக்குள் என்ன ஆகிறது என்பதை மட்டும் வந்து எழுதுகிறேன்.

டைப் ஆர் ஆசை போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. நேற்றுகூட விலை பார்த்தேன்.

வரும் ஞாயிறு கியர்பெட்டி இறங்குகிறது. கிளட்சும் வாங்கிவிட்டேன். முன் ஆக்சில் நட்டுக்கு 32 மில்லிமீட்டர் சாக்கெட் வேண்டும், என் பெட்டியில் 30உடன் நின்றுவிட்டது. பிறகு ஒரு கேள்வி: டிஃபரன்ஷியல் பேரிங்குகளைப் புதிதாகப் போடுவதா, பழையதையே இழுத்து எடுத்துப் பொருத்துவதா? பழையதைக் கையில் சுற்றிப் பார்த்தால் போதுமா, அல்லது அளந்தே ஆக வேண்டுமா?

பழைய கிளட்ச்:

புதிது போடுங்கள். பழையதை இழுக்கும்போதே பாதி கெட்டுவிடும். பேரிங்குக்கு இடைவெளி சரிசெய்ய வைக்கும் மெல்லிய வளையமான ஷிம்மின் தடிமனைக் கட்டாயம் அளக்க வேண்டும், அதைச் சனிக்கிழமைக்குள் தனியாக எழுதுகிறேன்.